வெயில் பட்டுத் தெளிந்தவரின் இதயம்

ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் கச்சான் காற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடும். ஈரம் இழந்த அந்தக் காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அனலாக வந்து சேரும். சிறுபோக வேளாண்மை வெட்டும் அதே நாட்களில்தான்.

அப்படி ஒரு வெட்டு நாளில் என் பெரியப்பா வரம்பில் விழுந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. என்னென்னவோ உளறினார், எங்களை ஆரென்று தெரியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்தார். பார்க்க வந்தவர்களிடம் "வெயில் பட்டது, இப்ப சுகம்" என்று சொன்னோம். அது முழு உண்மை இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வெப்பத்தாக்கு, பாரிசவாதம் அல்ல. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதுதான் வெப்பத்தாக்கு. வெறும் களைப்பையும் தலைச்சுற்றையும் இதிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த உளறலும் மயக்கமும்தான்.

வெயிலில் இதயம் படும் பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தை அது இறைக்கிறது. அதில் தோலுக்குப் போவது அரை லீற்றரும் வராது. கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டும் 7, 8 லீற்றர் வரை தேவைப்படலாம். உள்ளே இருக்கும் சூட்டை இரத்தம்தான் தோலுக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே வியர்வை காய்ந்து அந்தச் சூட்டை எடுத்துப்போக வேண்டும். கச்சான் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு நீர் போனதென்று ஆளுக்கே தெரியாது. சித்திரை மாதத்தில் கதை வேறு. வாவியும் கடலும் காற்றை ஈரமாக்கிவிடுவதால் வியர்வை காயாமல் சொட்டும். அந்த அவிச்சலில் நீரும் போகிறது, சூடும் குறைவதில்லை.

இரண்டிலும் இதயத்துக்குக் கஷ்டம் ஒன்றுதான். வியர்த்து வியர்த்து இரத்தத்தின் கனஅளவு குறைகிறது, மிச்ச இரத்தத்தில் பெரும்பங்கு தோலில் நிற்கிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்துபோவதால் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சமாகத்தான் இறைக்க முடிகிறது. அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகத் துடிக்கிறது. அடிநீர் குறைந்த கிணற்றில் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டால் எப்படியோ, அப்படி.

தோலுக்குக் கொடுக்க எங்கிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும்? குடலுக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. ஒட்சிசன் போதாமல் குடற்சுவர் தளர்கிறது. குடலுக்குள் அடங்கிக் கிடந்த பற்றீரியாக்களின் நச்சுப்பொருள் இரத்தத்தில் கசிகிறது. உடல் அதைக் கிருமித் தொற்றாக எடுத்துக்கொண்டு பெரும் அழற்சியைக் கிளப்புகிறது. இரத்தக் குழாய்களின் உட்படலம் புண்படுகிறது, நுண்குழாய்களில் இரத்தம் சிறு கட்டிகளாக உறைகிறது. கடுமையாய் உழைத்து விழுந்தவருக்குத் தசைகள் சிதைந்து பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டும், இதயத் துடிப்பின் ஒழுங்கு அதனாலேயே குலையலாம். இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் பலருக்கு இரத்தத்தில் ஏறியிருக்கும்.

சரி, ஆள் பிழைத்துவிட்டார். அப்புறம்?

1995 சிக்காகோ வெப்ப அலையில் உயிர் போகும் நிலையில் சேர்க்கப்பட்ட 58 வெப்பத்தாக்கு நோயாளிகளை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே 21 சதவீதம் பேர் இறந்தார்கள். ஒரு வருடத்துக்குள் மேலும் 28 சதவீதம் பேர் இறந்தார்கள். அவர்களில் முதியோரும் நோயாளிகளும் நிறையப் பேர். சரி, இளம் ஆட்களுக்கு? வெப்பத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அமெரிக்கப் படைவீரர்களைக் குடல்வால் அழற்சிக்காகச் சேர்ந்த வீரர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் வெப்பத்தால் வீழ்ந்தவர்களின் இறப்பு வீதம் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆண்களில் இதய நோயால் இறந்ததும் கூடுதலாக இருந்தது.

இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. முன்பே இதயம் பலவீனமானவர்தான் வெயிலில் விழுந்திருப்பாரோ? மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளால் இதை முழுதாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் 2020இல் வந்த எலி ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நலமான எலிகளைச் சூடான அறையில் விழும்வரை ஓடவிட்டு, பிறகு தேறவிட்டார்கள். பெண் எலிகளின் இதயத்தில் கோளாறு தெரிந்தது 9 முதல் 14 நாட்களுக்குப் பிறகுதான். அதற்கு முன் தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. 14ஆம் நாளில் இதயத் தசையில் கொழுப்புப் பொருட்கள் தேங்கியிருந்தன, சக்தி உண்டாக்கும் பாதைகள் மாறியிருந்தன, தசை இழைகளுக்கு இடையே நுண்ணிய அழற்சி இருந்தது. இதயம் ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் தசை, அதன் முக்கிய எரிபொருளே கொழுப்புத்தான். அதை எரிக்காமல் தேக்கிவைக்கிறது என்றால் உள்ளே உலை பழுதாகிறது என்று அர்த்தம். ஆண் எலிகள் குறைந்த சூட்டிலேயே விழுந்துவிட்டன, அவற்றில் இந்த மாற்றம் தெரியவில்லை. அப்படியானால் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கினோம் என்பதும் கணக்கில் சேரும் போலிருக்கிறது.

சிறுநீரகம் வழியாகவும் இதயத்துக்குச் சேதம் வரும். வெப்பத்தாக்கில் அடிபட்ட சிறுநீரகம் முழுதாகத் தேறாவிட்டால் பிரசர் ஏறும், அந்தப் பாரமும் இதயத்தின் தலையில்தான்.

ஆகவே உடம்பு சூடாக இருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் குறைப்பதுதான் முதல் வைத்தியம். வான் பிடிக்க ஓடுவதோடு குளிர்விப்பதையும் தொடங்குங்கள். வயலில் வாய்க்கால் நீர் இருக்கும். நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, நீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். நனைத்த சாரத்தைப் போர்த்தி அடிக்கடி மாற்றுங்கள். தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க முடிந்தால் உடலைக் குளிர்நீரில் அமிழ்த்துவது இன்னும் நல்லது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, இளநீரும் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலும்கூட வேண்டாம். பரசிற்றமோல் இங்கே உதவாது. காய்ச்சலில் மூளை தானே வெப்பத்தை உயர்த்திவைக்கும், அந்த மாத்திரை அதைத்தான் இறக்கும். இங்கே மூளை அப்படி எதையும் உயர்த்தவில்லை.

வீடு வந்த பிறகு நாம் செய்த பிழை இன்னொன்று. பெரியப்பா ஒரு கிழமைக்குள் திரும்ப வயலுக்குப் போனார், நாங்கள் தடுக்கவில்லை. விளையாட்டு மருத்துவர்கள் குறைந்தது ஏழு நாள் முழு ஓய்வும், அதன் பிறகு இரத்தப் பரிசோதனை பார்த்து மெல்ல மெல்லத் திரும்புவதும் வேண்டும் என்கிறார்கள். அந்த எலிகளின் 14ஆம் நாளை நினைத்தால் ஏழு நாளே எனக்குக் குறைவாகப் படுகிறது.

அவருடைய கிளினிக் கொப்பியை அண்மையில் புரட்டினேன். பிரசர், சீனி, குளிசைகள் எல்லாம் இருந்தன. வயலில் விழுந்த அந்த நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சலம் போக்கும் குளிசையும் இதயத் துடிப்பைக் குறைக்கும் சில குளிசைகளும் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைப்பவை. அவற்றை எழுதும் மருத்துவருக்கு, ஆள் வெயிலில் விழுந்த கதை தெரிந்திருக்க வேண்டும். விழுந்த திகதி, எவ்வளவு நேரம் நினைவு தப்பியது, ஆஸ்பத்திரியில் அளந்த வெப்பநிலை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதா என்ற விவரம். உங்கள் வீட்டிலும் வெயிலில் விழுந்து எழும்பியவர் இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு முன் இந்த நான்கையும் அவர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஈசிஜி எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.