பூனைக்கு லங்கணம் மருந்தல்ல

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, காய்கறிக் கூடை ஒன்றின்மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் கட்டி, அதற்குள் ஆறு வயது ஆண் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் தடுப்பூசிக்கு வந்தபோது ஆறரைக் கிலோ இருந்த பூனை, அன்று தராசில் ஐந்தரைக் கிலோதான் நின்றது. நான் முதலில் அதன் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். முடியில்லாத அந்த உட்புறத் தோல் மஞ்சள் பூசிக் குளித்த முகம்போல இருந்தது. வாயைத் திறந்தால் மேலண்ணமும் அதே நிறம். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "வியாழக்கிழமை ரெண்டு தடவை வாந்தி எடுத்தான் டாக்டர். அதுலேர்ந்து தட்டைத் தொடலை. வயிறு கெட்டிருக்கும், பட்டினி கிடந்தா தானா சரியாயிடும்னு விட்டுட்டோம்" என்றார் வீட்டுக்காரர். உடன் வந்த பாட்டி, "லங்கணம் பரம ஔஷதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை இரவு அந்தப் பூனை இறந்துபோயிற்று. இந்த மாதத்தில் ஏறக்குறைய இதே வார்த்தைகளோடு என் மேசைக்கு வந்த மூன்றாவது பூனை அது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஆங்காங்கே கோபம் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லங்கணம், அதாவது பட்டினி கிடப்பதே மருந்து என்பது, மனிதர்களுக்குச் சொல்லப்பட்டது. அஜீரணம் வந்தவர் ஒரு வேளை சோற்றைத் தள்ளிவைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டால் மறுநாள் எழுந்து நடமாடுகிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. நன்கு வளர்ந்த நாய்கூட ஒரு நாள் பட்டினியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏனென்றால் உணவு நின்றவுடன் நம் உடல் சிக்கனத்துக்கு மாறிக்கொள்கிறது. புரதத்தைச் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டு, சேமித்து வைத்த கொழுப்பை நிதானமாக எடுத்து எரிக்கிறது. பூனை இறைச்சியை மட்டுமே நம்பி வாழும்படி அமைந்த பிராணி. அதன் கல்லீரலுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. தட்டில் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது புரதத்தை ஒரே வேகத்தில் செலவழித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் உணவு உள்ளே போகவில்லை என்றால், உடலெங்கும் இருக்கும் கொழுப்பு கரைந்து, கல்லீரல் சமாளிக்கக்கூடிய அளவுக்கு மேல் அங்கே வந்து குவிகிறது. குவிந்ததைப் பக்குவப்படுத்தி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பவும் புரதம் வேண்டும்; அதுதான் வரவில்லையே. கல்லீரல் செல்கள் கொழுப்பால் நிரம்பி வீங்கி, பித்தநீர் போக வழியின்றித் தேங்க, பூனை மஞ்சளாகிறது. கல்லீரல் கெட்டதால் குமட்டல் வருகிறது, குமட்டலால் மேலும் உண்ண மறுக்கிறது, உண்ணாததால் கல்லீரல் மேலும் கெடுகிறது. முதலில் வாந்தி வந்தது ஓர் அற்பக் காரணத்துக்காக இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் பூனையைக் கொல்வது அந்தப் பட்டினிதான்.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: "நல்லாக் கொழுத்த பூனைதானே டாக்டர், நாலு நாள் தாங்கும்." நேர் எதிர். ஒல்லியான பூனையைவிடப் பருத்த பூனைதான் முதலில் விழும். கல்லீரலுக்கு வந்து கொட்டுவதற்கு அதனிடம்தான் கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. இன்னொன்று, "தண்ணி குடிக்குதே" என்பது. தண்ணீரில் புரதம் இல்லை. மூன்றாவது, பூனை தானாக விரதம் இருந்து உடம்பைச் சரிசெய்துகொள்கிறது என்ற நம்பிக்கை. பசி இருந்தும் உண்ணாதிருப்பதுதான் விரதம்; இந்தப் பூனைக்குப் பசியே அற்றுப்போயிருக்கிறது. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் நாம் இருப்பதோடு அதை ஒப்பிடாதீர்கள்.

ஆகவே கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பூனை ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல் வாலைத் தூக்கிக்கொண்டு திரிகிறது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து உணவு வைத்தால் உண்கிறது என்றால், கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம். வாந்தி எடுத்த பூனை 24 மணி நேரமாக எதையும் உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி என்றால் 12 மணி நேரமே அதிகம். விடாமல் வாந்தி எடுப்பது, வாந்தியில் இரத்தம், சோர்ந்து ஒரே மூலையில் கிடப்பது, ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ இருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அடுத்து, முடி உருண்டை. பாரசீகப் பூனை வளர்ப்பவர்களிடம் இந்தச் சொல் எல்லா நோய்க்கும் பெயராகிவிட்டது. பூனை தன்னை நக்கும்போது முடியை விழுங்குவதும், எப்போதாவது அதைக் கட்டியாகக் கக்குவதும், அறுகம்புல்லைக் கடித்துத் துப்புவதும் இயல்புதான். கக்கிய பத்தாவது நிமிடம் அந்தப் பூனை தட்டுக்கு வந்துவிடும். வராத பூனைக்கு முடியைக் காரணம் சொல்லாதீர்கள். மஞ்சள் நுரையாக வந்தால் பித்தம் என்று இஞ்சிச் சாறு புகட்டுபவர்களுக்கும் இதே பதில்: வெறும் வயிற்றில் எந்த நோய்க்கு வாந்தி வந்தாலும் அந்த நிறத்தில்தான் வரும், நிறத்தை வைத்து நோயைச் சொல்ல எனக்கே முடியாது.

பிறகு எதற்காகத்தான் வாந்தி எடுக்கிறது? பட்டியல் நீளமானது. ஆனால் நம் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நூல். மல்லிகைச் சரம் வாடியபின் பூவை உதிர்த்துவிட்டு நூலையும் வாழைநாரையும் எங்கே போடுகிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கியே சாய்ந்திருப்பதால், விளையாட்டாக வாயில் போன நூலைத் துப்ப அதனால் முடிவதில்லை, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிப்போகிறது. நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குவதுபோல் குடல் அந்த நூலின்மேல் சுருங்கி ஏறுகிறது; இறுகிய நூல் குடல் சுவரை அரம்போல் அறுக்கிறது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். நீங்கள் இழுக்கும் அந்த ஓர் இழுப்பில் குடல் கிழியும். நூல் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை, அதனோடு போன ஊசி தெரியும். படத்தில் ஊசியைக் கண்டு வீட்டார் பதறும்போது எனக்கு உள்ளுக்குள் சற்று நிம்மதியாகவே இருக்கும், தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது, சிறுநீர் அடைத்துக்கொண்ட ஆண் பூனை. மண் தொட்டிக்குப் போவதும் முக்குவதும் ஒன்றும் வராமல் திரும்புவதுமாக இருக்கும். வீட்டார் மலச்சிக்கல் என்று முடிவுகட்டி விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். உண்மையில் சிறுநீர்க்குழாய் அடைபட்டு, வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்; அதனால்தான் வாந்தி, அதனால்தான் பசியின்மை. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஆண் பூனை உண்ணவில்லை என்று யார் தொலைபேசியில் அழைத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதே. பாதிப் பேருக்கு விடை தெரிவதில்லை. அடைப்பு என்று சந்தேகம் வந்தால் இரவு பதினொரு மணியானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பூனைப் பார்வோ நினைவுக்கு வரும். நாய்க்குத்தான் பார்வோ வரும் என்று வாதிட நேரமில்லை; பூனைக்கென்றே ஒரு பார்வோ வைரஸ் இருக்கிறது, வெள்ளை அணுக்களைத் துடைத்தெடுத்துவிடும். எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை போடும் தடுப்பூசி இதைத் தடுக்கிறது. குட்டி இறந்த வீட்டில் அந்த வைரஸ் ஓராண்டு வரையிலும் உயிர்ப்போடு கிடக்கும். அதைக் கொல்ல ஃபினாயில் பயன்படாது. தவிரவும், ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அதுவே நஞ்சு. துணி வெளுக்கும் திரவத்தை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, தரை உலர்ந்த பிறகே பூனைகளை உள்ளே விடுங்கள்.

வயதான பூனை அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே வந்து வாந்தியும் எடுத்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

இனி வீட்டு மருத்துவம். உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனையின் சாதாரண வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் பழுப்பாகி, ஈறு நீலம்பாரித்து, முகம் வீங்கிக்கொள்ளும். குழந்தைக்கு வாங்கிய சிரப்பும் அதே மருந்துதான், "ரெண்டு சொட்டுதான் குடுத்தேன்" என்பது சமாதானமாகாது. மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். குடலில் நூல் இருக்கும்போது வாந்தியை மட்டும் நிறுத்தினால் நோய் மறைந்து நிற்குமே தவிரப் போய்விடாது. விஷம் தின்றிருக்கலாம் என்று உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பால் வைக்காதீர்கள், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம், வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

செய்யக்கூடியவை கொஞ்சம்தான். உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த கோழியையோ, அதற்குப் பழகிய உணவையோ இளஞ்சூடாக்கி, ஒரு தேக்கரண்டி அளவு வைத்துப் பாருங்கள். பூனை வாசனையை வைத்தே உண்ணும். குளிர்ந்த உணவில் வாசனை எழாது. உண்ணாவிட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ள, சிரிஞ்சால் வாயில் பீய்ச்சாதீர்கள்: உணவு நுரையீரலுக்குள் போகலாம், போகாவிட்டாலும் அந்த உணவின் வாசனையே அதற்கு என்றென்றைக்கும் வெறுத்துப்போகலாம்.

ஊட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் அதற்கு முறை இருக்கிறது. மூக்கு வழியாகவோ, மயக்கம் கொடுத்துக் கழுத்துப் பக்கமாகவோ மெல்லிய குழாய் ஒன்றை உணவுக்குழாயில் பொருத்துவோம். கேட்டவுடன் முகம் சுளிக்காதவர் இல்லை. ஆனால் இதே மாதம், பூனை உண்ண மறுத்த இரண்டாம் நாளே வந்துவிட்ட ஒரு வீட்டில், கழுத்தில் துணிப்பட்டையோடு அந்தப் பூனை சன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அரைத்து வடிகட்டிய உணவை மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி என்பதைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். முதல் நாள் முழு அளவையும் ஏற்றிவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடலில் உப்புச் சமநிலை குலைந்து அதுவே ஆபத்தாகும் என்பதால் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பதினேழாம் நாள் பூனை தானாக நெத்திலியைக் கடித்தது. குழாயை மேலும் ஒரு வாரம் வைத்திருந்துதான் எடுத்தேன்.

கடைசியாக, கிளம்பும்போது செய்ய வேண்டியவை. வாந்தியைத் துடைப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். இருமலா வாந்தியா என்று சொல்லத் தெரியாவிட்டால் காணொளி எடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். கடைசியாக உண்டது, சிறுநீர் கழித்தது, மலம் கழித்தது எப்போது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். மூடியுள்ள கூடை வேண்டும், இரண்டு காய்கறிக் கூடையும் சணல் கயிறும்கூடப் போதும். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையையோ புட்டியையோ எடுத்து வாருங்கள். திட்டுவேன் என்று பயந்து மறைக்காதீர்கள். திட்டத்தான் செய்வேன்; ஆனால் உள்ளே போனது பாராசிட்டமால் என்று வாசலிலேயே சொல்லிவிட்டால், திட்டிக்கொண்டே மாற்று மருந்தை ஏற்றத் தொடங்கிவிடுவேன்.