இண்டெக்ஸ்: சுட்டா, கிடங்கா?

கணினிகளும் கருவிகளும் தம் செயல்பாடுகளைப் பற்றி வரிவரியாக எழுதும் பதிவுகளுக்கு லாக் என்று பெயர். அவற்றைச் சேர்த்துவைத்துத் தேடித் தரும் லாக் மென்பொருளைப் பராமரிப்பவர்கள் “இண்டெக்ஸ் நிறைந்துவிட்டது” என்று சொல்வதுண்டு. புத்தகத்தின் இண்டெக்ஸை மட்டும் அறிந்தவருக்கு இது விளங்காது. நூலின் கடைசியில் சொற்களையும் பக்க எண்களையும் வரிசையாகத் தரும் பகுதி எப்படி நிறையும்?

லத்தீனில் இண்டெக்ஸ் என்றால் சுட்டிக் காட்டுவது. ஆட்காட்டி விரலுக்கும் அதுதான் பெயர். துப்புக் கொடுப்பவரையும் ரோமானியர்கள் அப்படியே அழைத்தார்கள். ஆங்கிலத்துக்கும் முதலில் விரலாகத்தான் வந்தது. பிறகு நூலின் சொற்பட்டியல், கணிதத்தின் அடுக்கெண், பொருளாதாரத்தின் விலைக் குறியீட்டெண் என்று கிளைத்தது. எல்லாவற்றிலும் அந்த விரல் இருக்கிறது: வேறெங்கோ உள்ள ஒன்றை அது காட்டும், தான் அந்தப் பொருளாக இருக்காது.

தமிழில் இதற்கு நேரான சொல் சுட்டு. சுட்டுவிரல் என்கிறோம், அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அதை ஒட்டிக் கணினிக் கலைச்சொல்லில் சுட்டுவரிசை என்ற வழக்கு உண்டு. அட்டவணை என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தரவுத்தளத்தில் டேபிளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோமே! அட்டவணைக்கு ஓர் அட்டவணை போடு என்றால் யாருக்குப் புரியும்? சொல்லடைவு, பொருளடைவு என்று பதிப்புத் துறையில் வழங்கும் அடைவு அழகான சொல்தான். ஆனால் லினக்ஸ் தமிழாக்கங்களில் அது டைரக்டரியைக் குறித்தது. ஈழத்திலோ அடைவு வைப்பது என்றால் நகையை அடகு வைப்பது. சுட்டி என்று சுருக்கலாம் என்றால் அதை மவுஸ் எடுத்துக்கொண்டது. ஆகவே என் வாக்கு சுட்டுவரிசைக்கு.

சிக்கல் என்னவென்றால், லாக் மென்பொருளில் இண்டெக்ஸ் என்ற பெயர் விரலோடு நிற்பதில்லை. ஸ்ப்ளங்க் என்ற லாக் மென்பொருளில் அது மொத்தக் கிடங்கின் பெயர். உள்ளே பக்கெட் எனப்படும் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுருக்கப்பட்ட மூலப்பதிவு ஒரு பக்கம், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் டிஎஸ்ஐடிஎக்ஸ் கோப்புகள் மறுபக்கம். உண்மையான சுட்டுவரிசை இந்த இரண்டாவதுதான். சிஸ்லாக் எனப்படும் வழக்கமான லாக் வகைத் தரவில் மூலப்பதிவு வந்த அளவில் சுமார் 15% ஆகச் சுருங்கும். சுட்டுக் கோப்புகள் சுமார் 35% பிடிக்கும். காட்டும் விரல் காட்டப்படும் பொருளைவிடப் பெரிது! லாக் சேர்க்கப் பயன்படும் இன்னொரு மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் இன்னும் வேடிக்கை: அதன் இண்டெக்ஸ் ஷார்டு எனப்படும் பல துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு ஷார்டும் லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பின் ஓர் இண்டெக்ஸ். கிடங்கும் இண்டெக்ஸ், உள்ளறையும் இண்டெக்ஸ்.

இந்தப் பொருள் மயக்கம் பழுது பார்க்கும்போது நேரத்தைத் தின்னும். நிறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், எது நிறைந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கிடங்குக்கு வகுத்த வரம்பா? ஸ்ப்ளங்க்கில் அது இயல்பாக 5,00,000 எம்பி. அதைத் தாண்டினால் பிழைச்செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய பக்கெட்டுகள் ஃப்ரோசன் நிலைக்குப் போகும். உறைநிலை என்று பெயரைக் கேட்டால் எங்கோ பத்திரமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. பழைய பதிவுகளை எடுத்துவைக்கக் காப்பிடம் எதையும் அமைக்காவிட்டால் அதன் பொருள் அழிப்பு! (இப்படிப் பெயர் வைத்தவரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு.) வட்டே நிறைந்ததா? அப்படியானால் அறிகுறி வேறு: காலியிடம் 5,000 எம்பிக்குக் கீழே போனால் ஸ்ப்ளங்க் புதிய பதிவுகளை எழுதுவதை நிறுத்திவிடும். எலாஸ்டிக்சர்ச்சில் வட்டு 85% நிறைந்ததும் அந்தக் கணினியில் பொதுவாகப் புதிய ஷார்டுகளை வைக்காது, 90% வந்தால் இருப்பவற்றை வேறு கணினிக்கு நகர்த்தப் பார்க்கும், 95% வந்தால் அங்கே ஷார்டு வைத்திருக்கும் இண்டெக்ஸ்களில் எழுதுவதற்குப் பூட்டுப் போடும். இவை இயல்புநிலை அளவுகள், மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வேண்டாததை அழித்து இடம் பிடிக்கலாமே என்றால், அங்கேயும் விரலுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு குறுக்கே நிற்கும். ஸ்ப்ளங்க்கின் டெலீட் கட்டளை பதிவைத் தேடலிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். வட்டில் ஒரு பைட்டும் திரும்பி வராது. எலாஸ்டிக்சர்ச்சிலும் ஆவணத்தை அழித்தால் முதலில் அழிந்ததாகக் குறி மட்டும் விழும். கோப்புத்துண்டுகள் பின்னர் ஒன்றிணையும்போதுதான் இடம் கிடைக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் ஒரு பழைய இண்டெக்ஸை முழுதாக நீக்குவதே எளிய வழி. லாக்கை நாள்வாரியாகத் தனித்தனி இண்டெக்ஸாகப் பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று பலரைக் குழப்பும்: பதிவுகளை வைத்திருக்க வகுத்த காலக்கெடு முடிந்தும் பழைய தரவு நகராமல் கிடப்பது. ஸ்ப்ளங்க்கில் அந்தக் கெடு இயல்பாக 18,86,97,600 விநாடி, ஏறத்தாழ ஆறு ஆண்டு. அது பதிவுக்குப் பதிவு கணக்கிடப்படுவதில்லை. பக்கெட்டில் உள்ள மிகப் புதிய பதிவும் கெடுவைத் தாண்டினால்தான் அந்தப் பக்கெட் உறையும். கடிகாரம் பிசகிய ஒரு கருவி வருங்காலத் தேதியோடு ஒரே ஒரு வரி அனுப்பினாலும், கூட இருக்கும் எல்லாப் பழைய பதிவுகளும் அதோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கிடங்கைக் குறிக்கும்போது பதிவுக் கிடங்கு என்றும், உள்ளே தேடலுக்கு உதவும் கோப்புகளை மட்டும் சுட்டுவரிசை என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. மென்பொருளே ஓரிடத்தில் இப்படிப் பிரித்துத்தான் நடந்துகொள்கிறது. உறைந்த பக்கெட்டைக் காப்பிடத்துக்கு அனுப்பும்போது ஸ்ப்ளங்க் இயல்பாகச் சுட்டுக் கோப்புகளை நீக்கிவிட்டு மூலப்பதிவை மட்டும் வைத்துக்கொள்ளும். அதைத் திரும்ப எடுத்துத் தேட வேண்டுமென்றால் ரீபில்ட் கட்டளையால் சுட்டுவரிசையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மூலப்பதிவு போய்விட்டால், மிஞ்சிய சுட்டுக் கோப்புகளிலிருந்து அதை மீட்க முடியாது.