மாத்திரையை நிறுத்திவிட்டு ராகம் கேட்காதீர்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. இந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் தூக்கமின்மைக்கு, இன்னொன்று மனச்சோர்வுக்கு. ஒரு மண்டலம் கேட்டால் மாத்திரையே வேண்டாம் என்று. அதை நம்பி மருந்தை நிறுத்தி, நோய் முற்றிய பிறகு கூட்டிவரப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். போன வாரமும் ஒருவர் வந்தார். தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு, காரணமில்லாத எரிச்சல், தூக்கமே இல்லை. "ராகம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, உடம்பு கழிவை வெளியேத்துது" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இல்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதைத் திடீரென்று விட்டால் வெறிநிலை (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும், தூக்கமின்மையும்) திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு, நீலகிரியில் ஹட்டி எனப்படும் படுகர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஊட்டிக்கோ குன்னூருக்கோ வர வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். செல்போனில் இலவசமாக வரும் பட்டியல் அந்த அலைச்சலைவிட எளிதாகத் தெரிவதும் புரிகிறது. அதற்கு வழி மருந்தை விடுவதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும் ஊர் இது. ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கும்படி மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். ஒரே ராகத்தில் தாலாட்டும் இருக்கும், துள்ளலான சினிமாப் பாட்டும் இருக்கும். இரண்டில் எதைக் கேட்பது? எந்த வேகத்தில்? வாய்ப்பாட்டா, நாகஸ்வரமா? எவ்வளவு சத்தத்தில்? பட்டியல் எழுதியவர் எதற்கும் பதில் சொல்வதில்லை. கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களை ஒரு பக்கமும் நோய்களை மறுபக்கமும் எழுதிக் கோடு போட்டு இணைப்பது மருத்துவம் ஆகாது. மனநிலையை மாற்றுவதில் வேகம், சத்தம், குரல் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றைவிட, அந்தப் பாட்டோடு கேட்பவருக்கு இருக்கும் பழக்கத்துக்குப் பங்கு அதிகம்.

இதை நீலகிரியில் இருந்துகொண்டு மறக்கவே கூடாது. ஹெத்தையம்மன் பண்டிகையில் வட்டமாக நின்று ஆடி வளர்ந்த படுகர் மூதாட்டிக்குக் கர்நாடக ஆலாபனை பழகாத ஒலியாக இருக்கலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பெரியவருக்கு இலங்கை வானொலியில் கேட்ட பழைய பாட்டு வேண்டியிருக்கலாம். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழல், மேள இசையில் சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. அது தெரியாமல், ஏதோ நாட்டுப்புற இசை என்று பதிவொன்றைப் போட்டுவிட்டால் ஆறாத துக்கத்தைக் கிளறியதாகிவிடும். அதனால்தான் இசை சிகிச்சைக்கு வருபவரிடம் முதல் சந்திப்பில் நான் பாட்டே போடுவதில்லை. எந்தப் பாட்டு பிடிக்கும், எது வேண்டாம், எதைக் கேட்டால் யார் நினைவு வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் அன்றைய வேலை.

இசை சிகிச்சையால் பயன் உண்டா? உண்டு. மனச்சோர்வு குறித்து 9 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் குறுகிய காலத்தில் கூடுதல் பலன் இருப்பதாகச் சொல்கிறது. 2011-ல் வெளியான பின்லாந்து ஆய்வில் 79 பேர் கலந்துகொண்டார்கள். இசை சிகிச்சை பெற்ற பிரிவுக்கு 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படவில்லை. "சேர்ந்தால்" என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இது. மனம் கனத்திருக்கும்போது குதியாட்டம் போட வைக்கும் பாட்டைப் போடாதீர்கள், எரிச்சல்தான் கூடும். இப்போதைய மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி மெல்ல மெல்ல நகர வேண்டும். ஐசோ கொள்கை என்று இதற்குப் பெயர், 1948-ல் அமெரிக்க மனநல மருத்துவர் அல்ட்ஷுலர் எழுதியது. ஐந்து பாட்டு போதும்: முதல் இரண்டு உங்கள் நிலைக்கு ஒத்தவை, அடுத்த இரண்டு சற்றே இலகுவானவை, கடைசி ஒன்று நீங்கள் போய்ச் சேர விரும்பும் நிலைக்கு உரியது. மொத்தம் 20, 25 நிமிடம். தொடங்கும் முன் மனம் எப்படி இருக்கிறது என்று 0 (மிக மோசம்) முதல் 10 (மிக நன்று) வரை ஒரு எண்ணை நோட்டில் எழுதுங்கள், முடிந்ததும் இன்னொரு எண். இரண்டு முறை கேட்டும் எண் இறங்கினால் எந்தப் பாட்டு இழுக்கிறது என்று பார்த்து எடுத்துவிடுங்கள். சோகப் பாட்டு கேட்டு அழுது இலகுவானால் தவறில்லை. அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதே சம்பவத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். எழுந்து வெளியே நடங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

தூக்கத்துக்கு என்றால் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரும் பாட்டு. கையால் தாளம் தட்டி 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு கிடைத்துவிடும். தைவானில் முதியவர்களிடம் நடந்த ஆய்வில் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம், 3 வாரம் தொடர்ந்து கேட்கச் செய்தார்கள், தூக்கம் மேம்பட்டது. ஒரு நாள் கேட்டுவிட்டுப் பலனில்லை என்று விடாதீர்கள். யூடியூபில் ஓடவிட்டுப் படுத்தால் கண் சொருகும் நேரத்தில் விளம்பரம் அலறும். பாட்டுகளைப் பதிவிறக்கி வைத்து, 45 நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். எஸ்டேட்டில் சிக்னல் போகும் இரவுகளிலும் அது கைகொடுக்கும். படுக்கையில் இயர்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும்.

சத்தம்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை, 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையெட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது இயர்போனை மீறிக் கேட்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீட்டில் தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது அதை மிஞ்சுவதற்காகச் சத்தத்தைக் கூட்டுவீர்கள், மழை விட்டதும் குறைக்க மறந்துவிடுவீர்கள். மழை ஓயும்வரை இயர்போனைக் கழற்றி வைப்பதே நல்லது.

சிலர் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. வெறிநிலையில் இருப்பவருக்கு வேகமான, சத்தமான இசை இருக்கிற கொஞ்சத் தூக்கத்தையும் கெடுக்கும். காதில் குரல் கேட்பவர், பாட்டின் வரிகள் தனக்கு அனுப்பிய செய்தி என்று எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட இசை கேட்டால் வலிப்பு வருகிறவர்களும் மிக அரிதாக உண்டு. மறதி நோய் உள்ளவருக்கு அவருடைய இளவயதுப் பாட்டுகளைப் போடுங்கள், அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நாள் முழுக்க ஓடும் ரேடியோ அவரைக் குழப்பும், அவரோடு பேசுவதற்கு ஈடாகவும் ஆகாது.

வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அது பாட்டு போடும் நேரமல்ல. தயவுசெய்து அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

கேட்பதோடு நிற்க வேண்டாம். பாடுங்கள், தட்டுங்கள். வாரம் ஒருநாள் நாலைந்து பேர் கூடிக் கும்மியோ பஜனையோ பாடினால் மூச்சு நீளும், தனிமையும் விலகும். ராகம் தெரிய வேண்டியதில்லை, குரல் நன்றாக இருக்க வேண்டியதும் இல்லை.

இசை சிகிச்சையாளர் என்று ஒருவரைத் தேடிப் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வையிடுவது யார், என் மருத்துவரோடு பேசுவீர்களா? பாட்டு வாத்தியார் நன்றாகப் பாடுவார். மனநோயின் அறிகுறி மாறுவதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பயிற்சி கிடையாது. மருந்தை நிறுத்தினால்தான் என் சிகிச்சை பலிக்கும் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு அந்த எண்கள் எழுதிய நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.