திசையனா, காவியா?

அளவோடு திசையும் சேர்ந்ததை இயற்பியலிலும் கணிதத்திலும் 'வெக்டர்' என்கிறோம். அளவு மட்டும் இருந்தால் 'ஸ்கேலர்'. வெக்டருக்குத் தமிழில் எந்தச் சொல் பொருத்தம் என்பதுதான் கேள்வி. முதலில் மூலத்தைப் பார்ப்போம். லத்தீனில் 'வெக்டர்' என்றால் சுமந்து செல்பவர். ஏற்றிச் செல்லுதலைக் குறிக்கும் 'வெஹெரே' என்ற வினையிலிருந்து வந்தது. டெங்கு பரப்பும் கொசுவை மருத்துவர்கள் வெக்டர் என்பதும் இதனால்தான். நோயைச் சுமந்து வருகிறதே. வானியலில் சூரியனையும் கோளையும் இணைக்கும் கோட்டுக்கு இந்தப் பெயர் முன்பே இருந்தது. இன்றைய கணிதப் பொருளைக் கொடுத்தவர் டப்ளின்காரரான வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து போகும்போது அவருக்கு ஒரு சூத்திரம் பிடிபட்டது. அங்கேயே ப்ரூம் பாலத்துக் கல்லில் அதைக் கீறி வைத்தார். நான்கு எண்கள் சேர்ந்த 'குவாட்டர்னியன்' என்ற புதுவகை எண்ணுக்கான சூத்திரம் அது. அந்த நான்கில் தனித்து நிற்கும் ஓர் எண்ணைப் பின்னாளில் ஸ்கேலர் என்றும், மற்ற மூன்றும் சேர்ந்த பகுதியை வெக்டர் என்றும் அழைத்தார்.

சரி, தமிழில்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'வெக்டர்' அப்படியே இருக்கிறது. தனித்தமிழில் எழுதுவோர் 'திசையன்' என்பார்கள். திசை இல்லாதது 'திசையிலி'. இலங்கையில் வேறு கதை. அங்கே அது 'காவி', ஸ்கேலர் 'எண்ணி'. காவி என்றதும் நமக்குத் துணியின் நிறம்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் இது 'காவுதல்' என்ற வினையிலிருந்து வந்த காவி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். புறநானூற்றில் (206) ஔவையார் "காவினெம் கலனே" என்று யாழைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதியமான் வாசலைவிட்டுக் கிளம்புகிறார். காவடியில் இருப்பதும் இந்தக் 'கா'தான். "மூட்டையைக் காவிக்கொண்டு வந்தான்" என்பது யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சாதாரணப் பேச்சு. லத்தீனும் தெரிந்து, ஊர்ப் பேச்சும் தெரிந்த யாரோ வைத்த பெயர்.

சொல்லழகில் காவிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் வகுப்பில் புரியவைக்க வேண்டுமென்றால் திசையன் கை கொடுக்கிறது. காரணம் சார்பு வேகக் கணக்கு, அதாவது நகரும் ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று எவ்வளவு வேகமாகப் போவதாகத் தெரியும் என்ற கணக்கு. அதில் திசையை மறந்தால் விடை தப்பிவிடும்.

2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யக் காஸ்மோஸ் 2251-ம் மோதிக்கொண்டன. இரண்டும் வினாடிக்குச் சுமார் 7.5 கி.மீ. வேகத்தில் போனவை. வேகத்தை வேகத்திலிருந்து கழித்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். மோதியதோ வினாடிக்கு 11.7 கி.மீ. வேகத்தில்! பாதைகள் செங்கோணத்தைவிடச் சற்றே விரிந்த கோணத்தில் வெட்டிக்கொண்டதுதான் காரணம்.

சின்ன எண்களில் பார்ப்போம். ஒரு ட்ரோன் வினாடிக்குக் கிழக்கே 2, வடக்கே 3, மேலே 6 மீட்டர் போகிறது. இன்னொன்று கிழக்கே 3, தெற்கே 6, மேலே 2. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் இரண்டின் வேகமும் 7. முதல் ட்ரோனில் உட்கார்ந்து இரண்டாவதைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதை அச்சுவாரியாகக் கழிக்க வேண்டும்: கிழக்கே 1, தெற்கே 9, கீழே 4. தெற்கு என்பது எதிர்க்குறி வடக்கு, அதனால் அங்கே 6-உம் 3-உம் கூடி 9 ஆகிவிட்டது. மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 1, 81, 16 கூட்டினால் 98. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.9. இரண்டு ட்ரோனும் மேலே ஏறிக்கொண்டிருந்தாலும், முதலாவதிலிருந்து பார்ப்பவருக்கு மற்றது கீழே இறங்குகிறது.

இந்த 9.9-ஐ 'நெருங்கும் வேகம்', அதாவது இரண்டுக்கும் இடையிலான தூரம் குறையும் வேகம், என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மோதும் பாதையில் இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்றே. மோதாமல் ஒன்றையொன்று கடந்து போனால், மிக அருகில் வரும் கணத்தில் நெருங்கும் வேகம் பூஜ்யம். சார்பு வேகம் அப்போதும் 9.9.

அப்புறம் 'வேகம்' என்ற சொல்லே ஒரு பள்ளம். தமிழ்நாட்டில் வேகம் என்றால் அளவு மட்டும், திசையும் சேர்ந்தால் 'திசைவேகம்'. இலங்கையில் அளவு மட்டும் உள்ளது 'கதி'. திசையோடு வருவதுதான் 'வேகம்'. ஆகவே நான் மேலே எழுதிய 'சார்பு வேகம் 9.9' என்ற தொடரை அங்கே படித்தவர் பார்த்தால், "எந்தத் திசையில்?" என்றுதான் கேட்பார். இங்கே எழுதும்போது மூன்று கூறுகளும் சேர்ந்ததைச் சார்புத் திசைவேகம் என்றும், 9.9-ஐ மட்டும் சார்பு வேகம் என்றும் பிரித்து எழுதுகிறேன். இலங்கை நண்பருக்கு அனுப்பும்போது முதலாவதைச் சார்பு வேகம் என்றும் இரண்டாவதைச் சார்புக் கதி என்றும் மாற்றிவிடுவேன்.