வெளிப்படு பண்பா, எழுபண்பா?

பறவைக் கூட்டங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ‘அவசர நடத்தை’ என்று படித்தபோது சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். தனித்தனிக் கூறு எதிலும் இல்லாத பண்பு, பல கூறுகள் சேரும்போது தோன்றுவதை ஆங்கிலத்தில் எமர்ஜென்ஸ் என்பார்கள்; அப்படித் தோன்றுவது எமர்ஜென்ட். அதை எமர்ஜென்சி என்று படித்த பிழை, யாரையும் ஏமாற்றாது. அதே சொல்லுக்கு வழங்கும் ‘வெளிப்படு பண்பு’ அப்படியல்ல. படித்தவர்கள் யோசித்து வைத்த பெயர்போல் இருந்துகொண்டு தவறான கருத்தைப் புகுத்திவிடுகிறது. இந்த மாதம் மட்டும் மூன்று முறை கண்ணில் பட்டுவிட்டது.

எமர்ஜென்ஸின் மூலம் லத்தீன்; மூழ்கியது மேலே வருதல் என்று பொருள். கூறுகளைக் கூட்டிக் கணக்கிட முடிகிற விளைவிலிருந்து அப்படிக் கணக்கிட முடியாததைப் பிரித்து, பின்னதற்கு எமர்ஜென்ட் என்று 1875இல் பெயரிட்டவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். வேர் இவ்வளவு போதும்.

தமிழில் கோபம் வெளிப்படும், உண்மை வெளிப்படும். இரண்டும் முன்பே உள்ளே இருந்தவை. இப்போது, கூட்டமாக நகர்பவை எப்படி ஒரே திசைக்கு வருகின்றன என்பதற்கு இயற்பியலாளர் விச்செக்கின் குழுவினர் 1995இல் அமைத்த கணித மாதிரியைப் பாருங்கள். எல்லாத் துகள்களுக்கும் ஒரே வேகம். ஒவ்வொன்றும் அருகிலுள்ளவற்றின் சராசரித் திசையைப் பிடித்துக்கொள்ளும். அதில் சிறிது தற்செயல் பிசகு சேரும். விதி அவ்வளவுதான். பிசகு மிகுதியாக இருந்தால் ஆளுக்கொரு திசை. அதைக் குறைத்தாலோ நெருக்கத்தைக் கூட்டினாலோ, ஓர் எல்லையைத் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் போகும். தலைவன் இல்லை, திட்டம் இல்லை. பாலைவன வெட்டுக்கிளிக் குஞ்சுகளை வளைய வடிவ அரங்கில் விட்டு 2006இல் சோதித்தபோதும் இதுவே நடந்தது: சில இருந்தபோது தாறுமாறாகத் திரிந்தன, பல சேர்ந்ததும் அணிவகுத்தன. ஒற்றைக் குஞ்சைத் துருவித் துருவிப் பார்த்தாலும் அதற்குள் அணிவகுப்பு கிடைக்காது. பிறகு எங்கிருந்து எது ‘வெளிப்பட்டது’? லத்தீன் வேரும் மறைந்திருந்ததைத்தானே சொல்கிறது என்று சிலர் மடக்குவார்கள். லத்தீனின் குறையைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்?

‘கூட்டு நடத்தை’ என்பாரும் உண்டு. ஆணைக்கு அடிபணிந்து நடக்கும் படையும் கூட்டாகத்தான் நடக்கிறது. அதில் எமர்ஜென்ஸ் எங்கே?

என் தேர்வு ‘எழுபண்பு’. எழுஞாயிறு போல வினைத்தொகை. எழுந்த, எழுகின்ற, எழும் என முக்காலமும் அதில் அடக்கம். ‘எழுபிறப்பு’ என்பதில் எழு ஏழைக் குறிக்கிறதே, யாராவது ஏழு பண்புகள் என்று எண்ணிவிட்டால் என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘திரள்பண்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். உடனே தயிரில் வெண்ணெய் திரள்வது நினைவுக்கு வந்தது, வெண்ணெயோ தயிருக்குள் முன்பே இருக்கிறது. பழைய குறைதான். இரண்டையும் சேர்த்துத் ‘திரளெழு பண்பு’ என்றால் திரளிலிருந்து எழுவது என்று ஐயமின்றி நிற்கிறது. நீளம்தான்.

நீளத்தைக்கூடப் பொறுக்கலாம். ஒரே அத்தியாயத்தில் ‘வெளிப்பாடு’, ‘உருவாக்கம்’, ‘வளர்ந்துவரும் நடத்தை’ என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போடும் மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது? அகராதியைத் திறந்தவர், பக்கத்திலேயே அச்சாகியிருந்த சமன்பாட்டை ஒருமுறை பார்த்திருக்கலாம்.