ஜனனியிடம் யார் சொல்லியிருக்க வேண்டும்?

மனநோயால் நாயகன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் ‘3’ படம் மீண்டும் ஒருமுறை தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மறுநாள் காலை, ஓர் அம்மா என் மருத்துவமனை வாசலில் வந்து காத்திருந்தார். அவருடைய மகன் எட்டு ஆண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெறுபவர். இருதுருவ மனநோய்க்கான (பைபோலார்) லித்தியம் மாத்திரையில் நலமாக இருப்பவர். வீட்டிலிருந்த கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் பழைய சேலையில் சுற்றி இரவோடு இரவாகப் பரணில் போட்டுவிட்டாராம். “என் பிள்ளைக்கும் இப்படித்தான் முடியுமா டாக்டர்?” என்று கேட்டபோது அவருக்குக் குரல் எழவில்லை. மகனோ வழக்கம்போல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்.

ஐஸ்வர்யா தனுஷ் இயக்கிய அந்தப் படம் 2012 மார்ச் 30 அன்று வெளியானது. ‘கொலைவெறி’ பாட்டு அதற்கு நான்கு மாதங்கள் முன்பே ஊரெல்லாம் ஒலித்துவிட்டதால், துள்ளலான காதல் படத்தை எதிர்பார்த்துத்தான் பலரும் திரையரங்குக்குப் போனார்கள். நாயகன் ராம், நாயகி ஜனனியின் பள்ளிப்பருவக் காதலை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிற்பாதி இருண்டு கிடக்கிறது, கனக்கிறது என்றார்கள். தனுஷின் நடிப்பை ஏறக்குறைய எல்லோரும் பாராட்டினார்கள். அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. ஆனால் நான் படித்த விமர்சனங்களில், ராமுக்கு வந்த இருதுருவ மனநோய் திரைக்கதைக்குப் பொருந்தியதா இல்லையா என்றுதான் பேசினார்கள். அந்த நோய் அவன் மனைவியிடமிருந்து மறைக்கப்பட்டதே, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் படத்தின் மையம். நண்பன் செந்திலுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும். ஒரே வீட்டில், ஒரே அறையில் வாழும் ஜனனிக்கு மட்டும் தெரியாது. அவள்மேல் உள்ள அன்பினால் மறைப்பதாகப் படம் சொல்கிறது. அவளைக் காப்பதற்காகவே அவன் உயிரை விடுவதுபோல் முடிகிறது. அந்த முடிவு என்னை இன்றும் வருத்துகிறது. பரணில் கத்தியை ஒளித்த அம்மா வாங்கிக்கொண்டு போனது அதைத்தான்: இந்த நோய்க்கு வேறு முடிவே இல்லை என்ற அச்சத்தை.

உண்மையில் இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். சில வாரங்கள் மனம் எல்லை மீறிப் பொங்கும்: இரண்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தெரியாது, பேச்சு நிற்காது, கையில் இல்லாத பணத்துக்குத் திட்டங்கள் பிறக்கும், தடுத்தால் சினம் வரும். பிறகு ஒரு காலம், எழுந்து பல் துலக்கவும் தெம்பில்லாமல் மனம் சரிந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ, பலர் எல்லோரையும்போல வாழ்கிறார்கள். நோய் முற்றும்போது இல்லாத குரல்கள் கேட்பதும் உருவங்கள் தெரிவதும் உண்டு. படம் காட்டியதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய லித்தியம் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. தற்கொலை ஆபத்தையே குறைக்கக்கூடிய மருந்து அது. அப்படியிருந்தும், 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இந்நோய் உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண், என்னிடம் ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவந்த தன் கணவரை அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) திருமணமாகி ஐந்து வாரம். கணவர் மூன்று இரவுகளாகத் தூங்காமல், வீட்டின் சுவிட்ச் பெட்டிகளை எல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது மின்விசிறிகளுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தார். அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சத்து மாத்திரை டப்பாவை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்தார். “அத்தை இதைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். சத்து மாத்திரை மூன்று நிறத்தில் இருக்குமா டாக்டர்?”

நடந்தது இதுதான். லித்தியம் சாப்பிடும்போது சிலருக்கு விரல்கள் லேசாக நடுங்கும். தாலி கட்டும் நேரத்தில் கை நடுங்கினால் பெண் வீட்டார் கேள்வி கேட்பார்களே என்று, திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு குடும்பத்தாரே மருந்தை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், நடுக்கத்துக்கென்றே மருந்து கொடுத்திருக்கலாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. அதோடு கல்யாண வீட்டின் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்துகொண்டன. நோய் தலைகாட்டியதும் பயந்துபோய், மிச்சமிருந்த மாத்திரைகளை அந்த டப்பாவில் போட்டுவிட்டார்கள்.

மருந்தின் பெயரே தெரியாத மனைவி அவரை எப்படிக் காப்பாற்றுவார்? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். இரத்தத்தில் லித்தியத்தின் அளவையும், தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் விழிப்பாக இருக்கக்கூடிய ஒரே ஆளிடம்தான் இத்தனையும் மறைக்கப்படுகிறது.

“நீங்களே சொல்லியிருக்கலாமே” என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் தவிர, நோயாளியின் சம்மதமில்லாமல் நான் வாய் திறக்க முடியாது. அந்தச் சட்டம் சரியானதுதான். ஆனால் நோயாளி தன் சார்பில் நிற்க ஒருவரை எழுத்து மூலம் நியமித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து வாருங்கள், என் அறையில் உட்கார்ந்தே பேசலாம் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்லி வருகிறேன். அப்படிப் பேசியபின் முறிந்த சம்பந்தங்களும் உண்டு. அந்த வலி சிறியதன்று. மறைத்து நடத்திய திருமணங்களில் சில குடும்ப நீதிமன்றத்தில் நிற்பதையும் பார்க்கிறேன். அங்கே நோயைவிட மறைத்ததைத்தான் வழக்காக வாதாடுகிறார்கள்.

பின்னாளில் மார்ச் 30-ஐ உலக இருதுருவ மனநோய் நாளாக அறிவித்தார்கள். இந்நோய் இருந்திருக்கக்கூடும் என்று கருதப்படும் ஓவியர் வான்கோவின் பிறந்த நாள் அது. ‘3’ வெளியானதும் அதே தேதியில் என்பது தற்செயல். ஆனாலும் அந்த நாள் வரும்போதெல்லாம் நான் ஜனனியை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கேனும் உயிரை விடும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால், அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண் கணவரை விட்டுப் போகவில்லை. போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஏமாற்றப்பட்ட கோபம் தீர அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில், கணவர் தூங்கிய மணி நேரத்தைத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதி வைக்கிறார். கணவர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. போன ஐப்பசியில் ஒரு காலை தொலைபேசியில் அழைத்தார். “ஏழு, ஏழு, ஐந்து, நேற்று மூன்றரை டாக்டர்.” அன்று மாலையே இருவரும் வந்தார்கள். மருந்தின் அளவை மாற்றினேன். அடுத்த திங்கட்கிழமை கணவர் தன் கடையைத் திறந்துவிட்டார்.