வெள்ளரிக்காய்ப் பக்கத்தில் ஒரு வரி

போன மாதம் ஒரு ஐயா வந்தார். சிறுநீரகம் ஏற்கெனவே பாதி வேலைதான் செய்கிறது, இப்போது ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் போனை எடுத்து, குடும்ப குரூப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டினார். ஓர் இளநீர், பக்கத்தில் பளபளவென்று ஒரு கிட்னி, 'தினமும் குடித்தால் கிட்னி சுத்தமாகும்' என்று கொட்டை எழுத்து. மனுஷன் தினம் இரண்டு குடித்திருக்கிறார்!

உணவு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில் என்பதால் இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் 'டாக்குயினம் சானிட்டாட்டிஸ்' ஞாபகம் வரும். 11ஆம் நூற்றாண்டில் பாக்தாத் மருத்துவர் இப்னு புத்லான் உடல்நலம் பற்றி அரபியில் கட்டம் கட்டமாக, அட்டவணையாக எழுதிய நூல் அது. 13ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியின் லொம்பார்டியில் பணக்காரர்களுக்காக அதைப் படப்புத்தகமாக்கினார்கள். பூண்டு பிடுங்குகிற பெண், பாலாடைக்கட்டி விற்கிற கடை என்று பக்கம் முழுக்கப் படம், அடியில் நாலே நாலு வரி. தூக்கம், கோபம், காற்று, கம்பளித் துணிக்குக்கூட ஒவ்வொரு பக்கம் உண்டு.

வெள்ளரிக்காய்ப் பக்கத்தைப் பாருங்கள். குணம்: குளிர்ச்சி, ஈரம், இரண்டாம் படி (அந்தக் குணம் எவ்வளவு என்பதன் அளவு). நன்மை: காய்ச்சல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைச் சுத்தமாக்கும். தீங்கு: இடுப்பிலும் வயிற்றிலும் வலி வரும். தீங்குக்கு மாற்று: தேனும் எண்ணெயும்.

இதில் மருத்துவமாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நாலு திரவங்களின் சமநிலைதான் உடல்நலம் என்ற அந்தக் காலக் கணக்கே தப்பு, அதை நம்பி ரத்தத்தை வடியவிட்டே எத்தனையோ பேரைப் பலவீனமாக்கினார்கள். ஆனால் அட்டவணையைச் சுருக்கிப் படமாக்கியபோதும் 'தீங்கு' என்ற அந்த வரியை அவர்கள் விடவில்லை. யார் உடம்புக்கு, எந்த வயதுக்கு, எந்தப் பருவத்துக்கு என்பதையும் பல பிரதிகளில் சேர்த்தே எழுதினார்கள். நம் குரூப் படங்களில் முதலில் காணாமல் போவதே அதுதான்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது, ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். அதனால் உங்களுக்கு சிறுநீரகத் தொந்தரவு இருந்தாலோ, அந்த மாத்திரைகள் சாப்பிட்டாலோ, தினமும் இளநீர் குடிக்கத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐயாவிடம் இளநீரை நிறுத்தச் சொல்லி, அன்றே அவருடைய டாக்டரிடம் அனுப்பினேன். வாசல்வரை போனவர் திரும்பி, "அப்போ வெள்ளரிக்காய்?" என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.